கனோலா வயலில் எண்ணிய பிறகே மருந்து

மே மாதத்தில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் கனோலா எனும் எண்ணெய்வித்துப் பயிரின் விதைப்பு முடிந்ததும், பயிர் ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கொண்டிருக்கும்: பூச்சி தெரிகிறது, மருந்து அடித்துவிடலாமா? கனடாவின் கனோலாப் பரப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாகாணத்தில் இருக்கிறது. ஒரே குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பார்த்துக்கொள்ளும் இந்தச் சமவெளியில், தெளிப்பு எந்திரத்தை ஓட்டிச் செல்வது வயலில் இறங்கி நடப்பதைவிட எளிதாகிவிட்டது. ஆயினும் மருந்து தேவையில்லை என்று எண்ணிக்கையைக் காட்டிச் சொல்ல முடிந்த நாள்களில்தான் என் வேலையால் விவசாயிக்கு அதிகப் பயன் கிடைக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். வயலில் பூச்சி இருப்பது வேறு, அதனால் இழப்பு நேரப்போவது வேறு. இரண்டுக்கும் நடுவே பயிரின் பருவம், வெப்பநிலை, மண்ணின் ஈரம், விளைபொருளின் விலை ஆகிய நான்கும் இருக்கின்றன.

கனோலா கடுகுக் குடும்பத்துப் பயிர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபன்சனும் சஸ்கட்டூனில் ஆய்வு செய்த கீத் டவுனியும், ரேப்சீட் எனும் பழைய எண்ணெய்வித்துப் பயிரிலிருந்து எரூசிக் அமிலமும் குளுக்கோசினோலேட்டும் குறைந்த வகைகளைத் தேர்ந்தெடுத்து 1970-களில் இதை உருவாக்கினர். கடுகின் காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட் விதையில்தான் குறைந்தது; இலையிலும் தண்டிலும் அது இன்னும் இருக்கிறது. கடுகுக் குடும்பத்தையே உண்டு வாழும் பூச்சிகள் அந்த வாசனையைத் தேடித்தான் வருகின்றன. ஆகவே இந்தப் பயிர் முளைத்த நாள் முதல் காய் முற்றும் நாள் வரை, ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு பூச்சி வயலில் இருக்கும்.

அவற்றில் முதலாவதும், என் பார்வையில் மிகக் கடுமையானதும் தெள்ளு வண்டு. எள்ளளவே இருக்கும் இந்த வண்டில் இங்கே இரண்டு இனங்கள் முக்கியமானவை: முழுதும் கருமையாக நீலப் பளபளப்போடு இருப்பது ஒன்று, முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள் ஓடுவது மற்றொன்று. முதிர்ந்த வண்டாகவே மரவரிசைகளின் அடியிலும் ஓரப் புல்லின் சருகுக்குள்ளும் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, மண் சூடேறியதும் வெளிவந்து, முளைத்துக்கொண்டிருக்கும் கனோலாவின் முதலிரு இலைகளான வித்திலைகளைச் சிறுசிறு குழிகளாகக் கொறிக்கிறது. கோடிட்ட வண்டு முன்னதாக வெளிவரும். கருவண்டு சற்றுப் பின்னதாக வரும். இரண்டும் ஒரே வயலில் இருந்தால் தாக்குதல் வாரக்கணக்கில் நீளும் என்பதால், எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

இங்கே விற்கப்படும் கனோலா விதை ஏறத்தாழ எல்லாமே தயோமீத்தாக்சம் அல்லது குளோத்தியானிடின் போன்ற நியோநிகோடினாய்டு வகைப் பூச்சிமருந்து பூசி விதை நேர்த்தி செய்யப்பட்டே வருகிறது. அந்தப் பாதுகாப்பு மூன்று முதல் நான்கு வாரம் வரை நிற்கும். இந்த வாரக்கணக்கு முளைத்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, விதைத்த நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்ந்த மண்ணில் விதை இரண்டு வாரம் முடங்கிக் கிடந்தால், செடி தலைகாட்டும்போதே பாதுகாப்பில் பாதி கரைந்திருக்கும். அத்துடன், விதையிலிருந்து இலைக்கு ஏறும் மருந்து, வண்டு இலையைக் கடித்து உண்டால்தான் அதன் உடலுக்குள் போகும்; எனவே நேர்த்தி செய்த வயலிலும் கொஞ்சம் கடித்தடம் இருப்பது இயல்பு. கோடிட்ட வண்டு இந்த மருந்துகளுக்குக் கருவண்டைப்போல எளிதில் மடிவதில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. இம்மாகாணத்தின் வடக்கே அந்த இனம் மிகுந்திருப்பது எங்களுக்குக் கூடுதல் கவலை தருகிறது.

கோவையில் வேளாண்மை படித்துவிட்டு இங்கே மேற்படிப்புக்கு வந்த இளைஞர் ஒருவர், என்னோடு வயலைச் சுற்றிவரும்போது கேட்டார்: "அண்ணா, மற்ற பூச்சிகளை எல்லாம் எண்ணுகிறோம். தெள்ளு வண்டில் மட்டும் வண்டை விட்டுவிட்டு ஏன் இலையைப் பார்க்கிறோம்?" கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வண்டு காலடி ஓசைக்கே துள்ளி மறைந்துவிடும். காலையில் குளிரில் மண்கட்டிக்கு அடியில் இருக்கும். வெயில் ஏறியதும் அடுத்த வயலுக்குப் பறந்துவிடும். எண்ணினால் அந்த எண்ணிக்கை ஒரு மணி நேரத்துக்குக்கூட நிலைக்காது. ஆனால் இலையில் இழந்த பரப்பு அங்கேயே இருக்கிறது, நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவுகிறது.

இலைப்பரப்பில் 25 விழுக்காடு போய்விட்டால், வண்டுகள் இன்னும் தின்றுகொண்டிருந்தால், தெளிக்கலாம் என்பது பிரெய்ரி எனும் மேற்குச் சமவெளி மாகாணங்களில் எல்லோரும் பின்பற்றும் அளவுகோல். விளைச்சலைப் பாதிக்கும் இழப்பு உண்மையில் 50 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது. பிறகு ஏன் பாதியிலேயே முடிவெடுக்கிறோம் என்றால், வெப்பம் மிகுந்து காற்று வீசாத நாளில் 25 என்பது 50 ஆவதற்கு ஓரிரு நாள் போதும். தெளிப்பு எந்திரத்தைத் தயார் செய்யவும் காற்று அடங்கவும் அந்த இடைவெளி வேண்டும். மனிதக் கண் சேதத்தை எப்போதும் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 10 விழுக்காடு குழி விழுந்த வித்திலையைப் பார்த்து 25 என்று சொல்லாதவர் அரிது. அதனால் அளவிடப்பட்ட சேதத்தின் படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, செடிக்குச் செடி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த 25 என்ற எண்ணும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லிவிடாது. சதுர அடிக்கு ஐந்து முதல் எட்டுச் செடி வரை சீராக நிற்கும் வயலில் தாக்குதல் பல செடிகளுக்கிடையே பகிரப்படுகிறது. இரண்டு மூன்று செடி மட்டுமே நிற்கும் வயலில் ஒவ்வொரு செடியும் இரட்டிப்பாக அடிபடும். மேகமூட்டமும் பலத்த காற்றும் உள்ள நாள்களில் வண்டுகள் இலையின் அடிப்பக்கத்துக்கும் தண்டுக்கும் இறங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும் வயலில், குனிந்து செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தண்டு பாதி அறுபட்டிருக்கும். தண்டுச் சேதத்தைக் கண்டால் இலைக் கணக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. மறுபுறம், வளர்முனை உயிரோடு இருந்து, நல்ல மழையும் பெய்து, வித்திலைகளுக்குப் பின் வரும் உண்மை இலைகள் மூன்று நான்கு விரிந்துவிட்டால், வண்டு தின்பதைவிடச் செடி வளர்வது விரைவாகிவிடும். அதன் பிறகு தெளிக்கும் மருந்து பெரும்பாலும் மனநிம்மதிக்காகத்தான்.

தாக்குதல் முதலில் வயலின் ஓரங்களில்தான் தொடங்கும். மரவரிசையை ஒட்டிய ஓரம், சென்ற ஆண்டு கனோலா நின்ற பக்கத்து நிலத்தை நோக்கிய ஓரம் ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். அங்கேயே கண்டுபிடித்தால் ஓரப்பட்டைகளை மட்டும் தெளித்து நிறுத்திவிடலாம். ஆனால் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வயல் முழுவதற்கும் முடிவெடுப்பது தவறு. நடுவயல் வரை நடந்தே ஆக வேண்டும்.

தெள்ளு வண்டோடு அதே நாள்களில் வெட்டுப்புழுவையும் தேட வேண்டியிருக்கும். வயலில் செடியே இல்லாத திட்டுகள் விரிந்துகொண்டே போனால், திட்டின் நடுவில் தோண்டிப் பயனில்லை. புழு அங்கே தின்று முடித்துவிட்டு நகர்ந்திருக்கும். பச்சைச் செடியும் வாடிய செடியும் சந்திக்கும் விளிம்பில், மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் வரை கிளறினால் சுருண்டு கிடக்கும். செடிகளில் 25 முதல் 30 விழுக்காடு அழிந்தால் தெளிக்கலாம். அதுவும் புழு வெளியே வரும் மாலையில், பாதித்த திட்டுகளில் மட்டும். புழு ஏற்கெனவே பருத்துக் கூட்டுப்புழுவாகும் நிலையில் இருந்தால் விட்டுவிடலாம்.

ஜூன் மாதத்தில் வேறொரு பூச்சி வருகிறது. தமிழ்நாட்டில் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் பயிரிடுபவர்கள் நன்கறிந்த வைர முதுகு அந்துப்பூச்சிதான் அது. அங்கே முட்டைக்கோசுப் பாத்திகளுக்கிடையே கடுகை வரிசையாக விதைத்து, அந்துப்பூச்சியைக் கடுகின் பக்கம் ஈர்த்துவிடும் வழக்கம் உண்டு. இங்கேயோ கடுகின் உறவுப் பயிரே அடிவானம் வரை பரந்து கிடக்கிறது. பிரெய்ரியின் பனிக்காலத்தை இந்தப் பூச்சி பெரும்பாலும் தாங்குவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தெற்கே அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வசந்தகாலக் காற்றில் ஏறி வந்து சேர்கிறது. அதனால் காற்றோட்டப் பாதைகளைக் கணித்தும் இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்தும் பிரெய்ரி பூச்சிக் கண்காணிப்பு வலையமைப்பு வாரந்தோறும் எச்சரிக்கை வெளியிடுகிறது. மே மாதத்திலேயே பெருந்திரளாக வந்திறங்கினால், பருவம் முடிவதற்குள் பல தலைமுறைகள் பெருகிவிடும் என்பதால் அந்த ஆண்டில் கவனம் கூட வேண்டும்.

எண்ணும் முறை எளிது. சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குப் பரப்பில் உள்ள செடிகளைப் பிடுங்கி, வெளிர்நிறத் தாளின்மேல் உதறி, விழும் புழுக்களை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். வயலில் குறைந்தது ஐந்து இடங்களில் இதைச் செய்ய வேண்டும். தொட்டதும் பின்னோக்கித் துடித்து, நூலிழையில் தொங்கும் பச்சைப் புழு என்றால் அது இதுதான். பூக்கும் பருவம் வரை சதுர மீட்டருக்கு 100 முதல் 150 புழுக்கள், காய்ப் பருவத்தில் 200 முதல் 300 புழுக்கள் இருந்தால் தெளிக்கும் நிலை. முதன்முறை இந்த எண்களைக் கேட்கும் விவசாயி திகைத்துப் போவது வழக்கம். ஒரு சதுர மீட்டரில் எண்பது புழுவைப் பார்த்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்பார். ஆம், நிற்கலாம். இப்புழு மிகச் சிறியது; ஒவ்வொன்றும் தின்பது கொஞ்சமே. ஒரு கனமழை இளம்புழுக்களில் பெரும்பகுதியை அடித்து மூழ்கடித்துவிடும். அதோடு டயடெக்மா போன்ற ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவின் உடலிலேயே முட்டையிட்டுப் பெருகிக்கொண்டிருக்கும். இலையில் ஒட்டிய வலைக்கூடுகளைப் பிரித்துப் பார்த்து, எத்தனை கூட்டுக்குள் குளவியின் கருத்த கூட்டுப்புழு இருக்கிறது என்பதையும் நான் குறித்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் குளவி இருந்தால், தெளிக்கும் மருந்து நமக்காக வேலை செய்துகொண்டிருப்பவர்களைத்தான் முதலில் கொல்லும்.

இப்பூச்சியிடம் மருந்தை வீணாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பயிர்ப்பூச்சிகளில் டிடிடி மருந்தை முதன்முதலில் எதிர்த்து நின்றது இதுவே. 1950-களின் தொடக்கத்தில் ஜாவாவில் அது கண்டறியப்பட்டது. பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் பிடி (Bt) எனும் நஞ்சுக்கும் வயல்வெளியில் முதலில் எதிர்ப்புத் திறன் பெற்றது இதுவே. ஹவாயில் கிடைத்த அந்தச் சான்றுகள் 1990-இல் வெளியாயின. தேவையில்லாத ஒவ்வொரு தெளிப்பும் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கிறது.

பெர்த்தா படைப்புழுவின் கதை வேறு. இது இந்த மண்ணுக்கே உரிய பூச்சி. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பனிக்காலத்தைக் கழித்து, ஜூன், ஜூலையில் அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. அந்த வாரங்களில் பொறிகளில் விழும் ஆண் அந்துகளின் மொத்த எண்ணிக்கை 300-க்குக் குறைவாக இருந்தால் அப்பகுதியில் ஆபத்து குறைவு, 1,200-ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்று வகைப்படுத்துகிறார்கள். ஆனால் பொறி சொல்வது வட்டாரத்தின் நிலையை மட்டுமே. பெண் அந்து எந்த வயலைத் தேர்ந்து முட்டையிட்டது என்பது பொறியில் தெரியாது. பக்கத்துப் பக்கத்து வயல்களிலேயே ஒன்று கருகியும் ஒன்று பசுமையாகவும் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பொறியில் வரத்து உச்சத்தைத் தொட்டு இரண்டு வாரம் கழித்து, அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம் வைத்து, செடிகளை உலுக்கி, மண்கட்டிக்கு அடியிலும் உதிர்ந்த இலைக்கு அடியிலும் தேடி எண்ணி, நான்கால் பெருக்கி, குறைந்தது பத்து இடங்களின் சராசரியை எடுக்க வேண்டும். இளம்புழு பச்சையாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பும். வளர்ந்தது வெல்வெட்டுக் கருமையில், பக்கவாட்டில் மஞ்சள் பட்டையோடு இருக்கும். மொத்தத் தீனியின் பெரும்பங்கையும் கடைசிப் பருவப் புழுவே தின்கிறது; இலை உதிர்ந்ததும் அது காய்க்கு ஏறிவிடும்.

இந்தப் புழுவுக்குத் தெளிப்பு எல்லை விலையோடு மாறும் என்பதை விவசாயிகளுக்கு நான் எப்போதும் எழுதிக் காட்டுவேன். சதுர மீட்டருக்கு ஒரு புழு இருந்தால் ஏக்கருக்கு 0.058 புஷல் (இங்கே விளைச்சலை அளக்கும் அலகு) இழப்பு என்பது நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. மருந்துக்கும் தெளிப்புக்கும் ஏக்கருக்கு 12 டாலர் ஆகிறது, கனோலா புஷலுக்கு 12 டாலர் விலை போகிறது என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 17 புழு வரை தெளிப்பது நட்டம். அதே கனோலா 18 டாலருக்கு விற்கும் ஆண்டில் அந்த எல்லை 11 அல்லது 12 புழுவாகக் குறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தெளித்தார் என்பதோ, மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன எண் இது என்பதோ இந்தக் கணக்கில் சேராது.

பூக்கும் காலத்தில் தெற்கு ஆல்பர்ட்டாவிலும் எங்கள் மாகாணத்தின் தென்மேற்கிலும் காய்க் கூன்வண்டு முக்கியமாகிறது. 1931-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதலில் காணப்பட்ட இந்த வண்டு, 1995-இல் தெற்கு ஆல்பர்ட்டாவில் கண்டறியப்பட்டது. இதை வலைவீசித்தான் எண்ண வேண்டும்: 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள வலையை அரைவட்டமாகப் பத்து முறை வீசி, வலைக்குள் செத்ததுபோல் நடித்துக் கிடக்கும் சாம்பல் வண்டுகளையும் விடாமல் எண்ணி, இதையே வயலில் பல இடங்களில் திரும்பச் செய்ய வேண்டும். பத்து வீச்சுக்கு 25 முதல் 40 வண்டு இருந்தால் தெளிக்கலாம். ஆனால் பூக்களில் 10 முதல் 20 விழுக்காடு விரிந்த அந்தச் சில நாள்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். காய்க்குள் முட்டை போய்விட்டால், உள்ளே ஐந்தாறு விதைகளைத் தின்று வளரும் புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது. ஆல்பர்ட்டாவில் முன்கூட்டியே பூக்கும் கனோலா இனத்தை வயலைச் சுற்றிப் பட்டையாக விதைத்து, அங்கே கூடும் வண்டை மட்டும் தெளித்துக் கொல்லும் முறையை ஆராய்ந்து பார்த்தார்கள். நம் ஊர்க் கடுகு வரிசையின் அதே அறிவு அதில் இருப்பதைக் காண எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பூ முடிந்து காய் பிடிக்கும்போது லைகஸ் நாவாய்ப்பூச்சி சாற்றை உறிஞ்சும். அருகில் குதிரைமசால் எனும் தீவனப் பயிரை அறுத்த நாளில் அங்கிருந்து கூட்டமாகக் கனோலாவுக்கு வந்துவிடும். ஒரு வலைவீச்சுக்கு இரண்டு மூன்று என்பது இதற்கான எல்லை. மண்ணில் ஈரமிருந்தால் செடி தானே ஈடுசெய்துகொள்ளும். விதை கெட்டியான பிறகு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பூத்த வயலில் தெளிப்பதென்றால் தேனீக்களை நினைக்காமல் இருக்க முடியாது. கனடாவின் தேனில் பெரும்பகுதி இந்தப் பிரெய்ரி மாகாணங்களிலிருந்தே வருகிறது. அதில் கனோலாப் பூவின் பங்கு பெரியது. தேனீ கூடு திரும்பிய மாலைக்குப் பிறகே தெளிக்க வேண்டும், அருகில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்னதாகச் சொல்ல வேண்டும். கண்ணில் படாமல் உழைப்பவை தரை வண்டுகளும் சிலந்திகளும் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும்தான். இலக்கு இல்லாமல் தெளித்த வயலில் இவை மீண்டும் பெருகுவதற்கு முன் பூச்சி பெருகிவிடுகிறது.

கைவசமுள்ள மருந்துகளும் குறைந்துவருகின்றன. மலிவாகக் கிடைத்த லாம்ப்டா சைஹலோத்ரினைக் கால்நடைத் தீவனமாகும் பயிர்களில் பயன்படுத்துவதை நீக்கும் முடிவை 2021-இல் கனடாவின் பூச்சிமருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்தது. எண்ணெய் பிழிந்த கனோலாப் பிண்ணாக்கு மாட்டுக்குத் தீவனமாவதால், 2023 பருவத்தில் மேற்குக் கனடாவில் அதன் விற்பனையை நிறுவனங்கள் நிறுத்தின. குளோர்பைரிபாஸின் பயன்பாடும் அதே ஆண்டு டிசம்பரோடு முடிந்தது. முக்கியமாகப் புழுக்களைத் தாக்கி நன்மைப் பூச்சிகளைப் பெரிதும் விட்டுவைக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் இருக்கிறது. ஆனால் அதைச் சரியான புழுவுக்குச் சரியான பருவத்தில் பயன்படுத்த, முன்பைவிட நன்றாக எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

தெளித்தே ஆக வேண்டிய வயல்களில் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: எந்திரத்தின் அகலத்துக்கு ஒரு பட்டையை மட்டும் மருந்தில்லாமல் விட்டு, இரு முனைகளிலும் கொடி நட்டுவையுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டு பக்கமும் எண்ணினால் மருந்து பூச்சியைக் கொன்றதா என்று தெரியும். அறுவடை எந்திரத்தின் விளைச்சல் பதிவை அந்தப் பட்டையோடு ஒப்பிட்டால், கொன்றதால் ஏக்கருக்கு எத்தனை புஷல் கூடியது என்பதும் தெரியும். இந்தப் பட்டைகளின் கணக்கை வயல்வாரியாக, எண்ணிய நாளும் பயிர்ப் பருவமும் பூச்சி எண்ணிக்கையும் சேர்த்து ஒரே ஏட்டில் எழுதி வைத்திருக்கும் குடும்பங்களிடம், அடுத்த மே மாதம் "அடித்துவிடலாமா" என்ற அழைப்பு எனக்கு வருவதில்லை; நேற்று 15 விழுக்காடு, இன்று 20, நாளை வெயில் என்று எண்களைச் சொல்லியே பேச்சைத் தொடங்குகிறார்கள்.